மாடி அறை காலி

வீடு காலி பண்ணுகிற விஷயத்தில் வண்டிக்காரருக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. நாற்பது வருஷமாக அதுதான் பிழைப்பு. ஊரில் யார் எந்த வீட்டை விட்டு எந்த வீட்டுக்குப் போனாலும் அவருடைய வண்டிதான் வாசலில் வந்து நிற்கும். பீரோ முதலில் ஏறும். கட்டில் கழற்றிய பலகைகள் அதன் முதுகில் சாயும். கண்ணாடியைப் போர்வையில் சுற்றி இரண்டு மெத்தைக்கு நடுவில் செருகுவார். பூந்தொட்டி கடைசி. அப்புறம் தார்ப்பாய், கயிறு, ஒரு முடிச்சு. அந்த முடிச்சு வழியில் அவிழ்ந்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை. அதை வேறொருத்தர் போட அவர் விட்டதும் இல்லை.

யாரையும் நம்பாதது தொழிலோடு வந்த குணம். "லேசான பெட்டிதாங்க" என்று வீட்டுக்காரர் சொல்வார். உள்ளே இரும்பாக இருக்கும். "படிக்கட்டு அகலம்தான்" என்பார்கள். பூனை போகத்தான் வழி இருக்கும். அதனால் எந்தச் சாமானாக இருந்தாலும் முதலில் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். கனம் தெரிந்த பிறகுதான் பேச்சு.

சபைக்கும் அப்படித்தான் போனார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மனைவி கூட்டிக்கொண்டு போனாள். ரொட்டிக்கடைக்கு மேலே ஒரு நீளமான அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஒரு நின்றுபோன கடிகாரம். கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்தார். பாஸ்டர் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையையும் மூலையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்த பிறகுதான் உள்ளே ஏற்றுவார். பாதிக்கு மேல் வாசலிலேயே கிடக்கும். ஞானஸ்நானம் எடுத்தார், அது தண்ணீர், நனைந்தது தெரிந்தது. ஆனால் மேலேயிருந்து வரும் வல்லமை, ஆவியின் அபிஷேகம் என்கிறார்களே, அதுதான் வரவில்லை. மனைவிக்கு இரண்டாம் வருஷமே வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் பாத்திரம் கழுவும்போதும் பாடினாள். கைதவறி ஒரு தட்டு உடைந்தால் சிரித்தாள். முன்னால் என்றால் அரை நாள் அழுவாள். கண்ணெதிரே நடப்பதை அவர் எப்படி நம்பாமல் இருப்பார்?

வல்லமை என்றால் பீரோ தூக்குகிற பலம் என்றுதான் அவர் முதலில் நினைத்திருந்தார். தோள்பட்டை வலிக்கத் தொடங்கிய சமயம் அது.

"அது இல்லீங்கய்யா" என்றார் பாஸ்டர். வயதில் அவருக்கு மகன் மாதிரி. "ஆண்டவரப் பத்தி நாலு பேர்கிட்ட வாயத் தொறந்து பேசறதுக்கு, ஒருத்தருக்காக ஜெபிக்கறதுக்கு, சொன்னபடி வாழறதுக்கு வர பெலன்."

"சரி" என்றார். ஆனாலும் பழைய எண்ணத்தையும் ஓரமாக வைத்துக்கொண்டார். கூடவே தோளும் சரியானால் வேண்டாமென்றா சொல்லப் போகிறார்?

போன மழைக்காலத்தில்தான் அந்த எண்ணம் மாறியது. ஒரு வயதான அம்மாளின் வீட்டைக் காலி பண்ணப் போயிருந்தார். புருஷன் செத்து மூன்று மாதம். எல்லாச் சாமானும் ஏறியாயிற்று. அந்த அம்மாள் வெறும் கூடத்தில் நின்றுகொண்டு, "நீங்க சபைக்குப் போறவர்தானே? ஒரு ஜெபம் பண்ணிட்டுக் கதவ மூடுங்க ஐயா" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அந்த அம்மாள் கண்ணை மூடியபடியே நிற்கிறாள். கடைசியில், "வண்டி ரோட்டை மறிச்சிட்டு நிக்குதுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை. மனைவி கேட்டாள், சொல்லவில்லை. ஆனால் சபையில் மூன்று சனிக்கிழமை காத்திருப்புக் கூட்டம், அபிஷேகம் வேண்டுகிறவர்கள் காலையில் சாப்பிடாமல் வரவேண்டும் என்று அறிவித்தபோது முதல் ஆளாகக் கை தூக்கினார். மனைவி திரும்பிப் பார்த்து, "வலது தோளாச்சே, வலிக்கலையா?" என்று காதில் கேட்டாள்.

"வலிச்சா வலிச்சிட்டுப் போகுது."

முதல் சனிக்கிழமை போனார். கீழே ரொட்டிக்கடையில் காலை அடுப்பு. சுடச்சுட ரொட்டி வாசனை தரைப்பலகையின் இடுக்கு வழியே ஏறி வந்தது. பதினோரு பேர் முழங்காலில் நின்றார்கள். பதினோரு வயிறும் பேசியது. பாஸ்டர் ஆயத்தத்தைப் பற்றிச் சொன்னார்: செய்த தப்பை ஒத்துக்கொள்ளுங்கள், மனஸ்தாபம் இருந்தால் போய்ச் சரிபண்ணுங்கள், தாகமாக இருங்கள், அவசரப்படாதீர்கள். இவர் ஒவ்வொன்றாக மூலையைத் தூக்கிப் பார்த்தார். தப்பு? குடிக்கிறதில்லை. மனஸ்தாபம்? மச்சினன் ஒருத்தன் இருக்கிறான். அவனோடு பேச்சே குறைவு, பேசினால்தானே மனஸ்தாபம்? தாகம் நிறைய இருந்தது. எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் அவருக்குப் பட்டது. அப்படியும் வரவில்லை.

யாருக்கு வந்தது தெரியுமா? அந்த மச்சினனுக்கு.

மனைவியின் தம்பி அவன். எல்லாரும் டைம்பீஸ் என்று கூப்பிடுவார்கள். இவர் வீட்டு மாடியறையில் பதினைந்து வருஷமாக இருக்கிறான். கல்யாணம் கிடையாது. காலி பண்ணுகிற வீடுகளில் வேண்டாமென்று விட்டுப்போகிற கடிகாரங்களை அக்காள் வண்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். அவன் அவற்றைப் பிரித்துப் பூட்டி ஓடவைப்பான். மாடியில் முப்பது கடிகாரம் முப்பது மணி காட்டும். அன்றைக்குச் சபையின் நின்றுபோன கடிகாரத்தைப் பார்க்க வந்திருந்தான். ஸ்டூலில் ஏறி, கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்திருந்த நேரத்தில் கீழே ஜெபம் உரத்தது. அவ்வளவுதான். ஸ்டூல் மேலேயே அவனுக்கு அபிஷேகம் வந்துவிட்டது. கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணீர் வடிய, தெரியாத பாஷையில் பேசினான். இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டியதாயிற்று.

வண்டிக்காரர் முழங்காலில் நின்றபடி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் புலம்பினார்.

"ரெண்டு முட்டை தின்னுட்டு வந்திருக்கான். நான் பார்த்தேன். மஞ்சக்கரு மீசையில இருந்துது."

"ஆண்டவர் மீசையப் பாக்கறதில்லங்க" என்றாள் மனைவி.

"ஸ்டூல் மேல நின்னான்! நான் முழங்கால்ல நின்னேன்!"

"எறங்கி நிக்கிறதுக்கா மார்க் போடறாங்க?"

மச்சினன்மேல் அவருக்குள்ள கோபம் பழையது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனும் வண்டியில்தான் வேலை செய்தான். ஒரு டாக்டர் வீட்டுப் படிக்கட்டில் கண்ணாடி அலமாரியை இறக்கும்போது மேலே பிடித்திருந்தவன் கையை விட்டுவிட்டான். அலமாரி சறுக்கிக் கீழே நின்ற இவர் பாதத்தில் விழுந்தது. இரண்டு விரல் போயிற்று. அன்றோடு அவனை வண்டிப் பக்கம் சேர்ப்பதில்லை. "கைய விடற பய" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார். அதனால் வேறு யாரும் அவனை வேலைக்கு எடுக்கவில்லை. அப்படித்தான் கடிகாரத்துக்குப் போனான். இந்தக் கதையை இவர் நூறு தரம் சொல்லியிருப்பார். சொல்லும்போதெல்லாம் நடுவில் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டுச் சொல்வார். அது என்ன வார்த்தை என்று இவருக்குத் தெரியும்.

இரண்டாம் சனிக்கிழமை பாஸ்டர் இவர் தலையில் கை வைத்து ஜெபித்தார். வெகுநேரம் ஜெபித்தார். அப்புறம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்:

"ஐயா, உள்ள ஒருத்தன் குடியிருக்கான். பழைய ஆளு. ரொம்ப வருஷமா இடத்தை அடைச்சிட்டு மேல ஏறி உக்காந்திருக்கான். அவன் இருக்கிறவரைக்கும் ஆண்டவர் எப்படி வருவார்? மொதல்ல அவனக் காலி பண்ணுங்க."

பாஸ்டர் சொன்னது இவருக்குள்ளே இருக்கிற இவரை: பிடிவாதத்தை, சந்தேகத்தை, நான் நான் என்கிற அந்தக் கிழவனை. சபைக்குப் போகிற யாருக்கும் இது புரியும். ஆனால் காலி பண்ணுவதையே தொழிலாகக் கொண்டவர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. பழைய ஆள். மேலே உட்கார்ந்திருக்கிறான். இடத்தை அடைத்துக்கொண்டு. வண்டிக்காரருக்கு மயிர் சிலிர்த்தது. மாடியறை விஷயம் பாஸ்டருக்கு எப்படித் தெரியும்? மனைவி சொல்லியிருக்க மாட்டாள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொல்கிறவள் இல்லை. அப்படியென்றால் இது ஆண்டவர் வெளிப்படுத்தியது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு வார்த்தையை அவர் மூலையைத் தூக்கிப் பார்க்காமல் அப்படியே நம்பினார். அதையும் தப்பாக நம்பினார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மனைவி அடுப்பில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பி காலி பண்ணணும்."

"என்னத்த?"

"மாடிய. அடுத்த சனிக்கிழமைக்குள்ள. ஆண்டவர் சொல்லிட்டார்."

கரண்டி நின்றது. "யார் சொன்னா?"

"ஆண்டவர். பாஸ்டர் மூலமா."

"ஒன்பது வருஷமா உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசாத ஆண்டவர், மொத மொத வாயத் தொறந்து என் தம்பிய வெரட்டவா சொன்னாரு?"

"நான் என்ன பண்ணட்டும்? அவன் இருக்கிறவரைக்கும் எனக்கு வராதாம்."

அவள் வெங்காயத்தைப் புரட்டினாள். கோபம் வந்தால் அவளுக்கு வெங்காயம் நன்றாகச் சிவக்கும். "எனக்கு வந்தப்பவும் அவன் மேலதானே இருந்தான்? எனக்கு மட்டும் எப்படி வந்துது?"

இதை அவர் யோசிக்கவில்லை. "அது உனக்கு. உனக்குத் தம்பி. எனக்கு மச்சினன்" என்றார்.

மாடிக்குக் குரல் கொடுத்தார். டைம்பீஸ் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியோடு இறங்கி வந்தான். விஷயத்தைக் கேட்டான். ஒரு நிமிஷம் பூதக்கண்ணாடி வழியாகவே அவரைப் பார்த்தான். அதில் அவர் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாரோ.

"சரி மாமா."

"என்னடா சரி?"

"காலி பண்ணிடறேன். தெரிஞ்ச கடிகாரக் கடைக்குப் பின்னால ஒரு ரூம் இருக்கு. உங்களுக்கு வரணும் மாமா. அதுதான் முக்கியம்."

சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சண்டைக்கு எல்லாம் தயாராக வைத்திருந்தார். இந்த 'சரி'யை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மனைவிதான் கடைசியாகச் சொன்னாள். "காலி பண்ணட்டும். ஆனா ஊர்ல எல்லா வீட்டுக்கும் எப்படிப் பண்ணுவீங்களோ அப்படிப் பண்ணணும். மொறையா. சாமானைத் தூக்கி விசிறக் கூடாது. ஒவ்வொண்ணா கேட்டு எடுக்கணும்."

"என் தொழிலை எனக்கே சொல்லித் தரியா?"

"ஆமா."

மூன்றாம் சனிக்கிழமை விடிந்தது. மேகம் மூடியிருந்தது. காற்றில் ஈரம். கூட்டம் பத்து மணிக்கு. அதற்குள் மாடியைக் காலி பண்ணிவிட்டு, கையைக் கழுவிவிட்டு, காலி வயிற்றோடும் காலி மாடியோடும் போய் முழங்காலில் நின்றால் ஆண்டவருக்கு வேறு சாக்கு இருக்காது என்பது அவர் கணக்கு. ஆறு மணிக்கே வண்டியை வாசலில் பின்பக்கமாக நிறுத்தித் தார்ப்பாயை விரித்தார். கூட வேலை செய்கிற தடியன் வருவதாகச் சொல்லியிருந்தான். ஏழு மணிக்கு அவன் பெண்டாட்டி போன் பண்ணினாள். அவனுக்கு வயிற்றுப்போக்காம்.

"அவனும் உபவாசமா?" என்றாள் மனைவி.

வண்டிக்காரர் மாடி ஏறினார். மூன்று வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் ஏறுகிறார். அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு இரும்பு பீரோ, சுவரெல்லாம் கடிகாரம். டிக் டிக் என்று முப்பது வாய்கள் பேசிக்கொண்டிருந்தன. அவர் தொழில் முறைப்படி ஒவ்வொன்றையும் தொட்டுக் கேட்டார்.

"இது வருதா, இருக்குதா?"

"வருது மாமா."

"இது?"

"அது அக்காவோடது. இருக்குது."

"இந்தச் செருப்பு?"

"அது உங்களது மாமா. பழசு. நீங்க தூக்கிப் போட்டீங்க. அடிப்பாகம் தைச்சு வச்சிருக்கேன். ரெண்டு விரலுக்குப் பஞ்சு வச்சு."

வண்டிக்காரர் செருப்பைக் கையில் எடுத்தார். வலது செருப்பின் முனையில் இரண்டு விரல் அளவுக்குப் பஞ்சு வைத்து மேலே தோல் தைத்திருந்தது. தையல் சின்னச் சின்னதாக, கடிகாரக்காரன் தையல்.

"ஏன் குடுக்கல?"

"குடுத்தா நீங்க போட மாட்டீங்க."

அது உண்மைதான். அவர் செருப்பைக் கீழே வைத்தார். 'வருதா, இருக்குதா' என்று கேட்கவில்லை. கடிகாரங்களைப் போர்வையில் சுற்றத் தொடங்கினார். ஒவ்வொன்றாக இறக்கி, மெத்தை நடுவில் வைத்தார்கள். எட்டேமுக்கால் ஆயிற்று. கீழே வாசலுக்குப் போனபோது ஒரு தகரப் பெட்டி நின்றது. அவருக்கு அந்தப் பெட்டியைத் தெரியும். கல்யாணத்தன்று மனைவி கொண்டுவந்தது.

"இது என்ன?"

"பெட்டி."

"தெரியுது. வருதா, இருக்குதா?"

"வருது" என்றாள் மனைவி. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "அவனுக்குச் சமைச்சுப் போட ஆள் வேணும். உங்களுக்குத்தான் உபவாசம் ஆச்சே."

"ஏய், இது ஆண்டவர் காரியம். விளையாடாதே."

"நான் எங்க விளையாடறேன்? மேல இருக்கறவன், கீழ இருக்கறவ, எல்லாரையும் காலி பண்ணிட்டா வீடு நல்லா வெறுமையா இருக்கும். ஆண்டவர் வந்து காலை நீட்டிப் படுக்கலாம். பூந்தொட்டிக்கு முன்னாடி ஏத்துங்க. மூலை நசுங்கிடாம."

வண்டிக்காரர் பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். கனமாகத்தான் இருந்தது. பொய்ப்பெட்டி இல்லை. அதை ஏற்றாமல் வாசலிலேயே விட்டுவிட்டு மாடிக்குத் திரும்பினார்.  

பீரோ மட்டும்தான் பாக்கி. முதலில் ஏறவேண்டியது, ஆள் இல்லாததால் கடைசிக்கு வந்துவிட்டது. அதற்கு இரண்டு ஆள் கட்டாயம் வேண்டும். இருக்கிறது இரண்டே ஆள்.

"நான் கீழ் பக்கம் பிடிக்கறேன்" என்றான் டைம்பீஸ்.

"வேண்டாம். கீழ் பக்கம்தான் கனம்."

"உங்க தோளுக்கு ஆகாது மாமா. நீங்க மேல நில்லுங்க."

பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே சாமானைப் பிடித்தார்கள். படிக்கட்டு குறுகல், ஏழாம் படியில் ஒரு திருப்பம். பீரோவைச் சாய்த்து இறக்கினார்கள். இவர் மேலே, அவன் கீழே. நடுவில் பீரோ இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. "பிடி", "இறக்கு", "நில்லு" என்று இவர் சொல்லச் சொல்ல அவன் செய்தான். ஆறு படி ஒழுங்காக இறங்கியது. திருப்பத்தில் தோளில் ஒரு குத்து. விரலிலிருந்து உணர்ச்சி போவது தெரிந்தது.

"டேய், கை போகுதுடா!"

"விடாதீங்க மாமா! ஒரு நிமிஷம்!"

இவர் விட்டால் பீரோ நேராக அவன் மார்பில். தலைக்குள் ஒரு நொடியில் அந்த டாக்டர் வீடு வந்துபோனது. இப்போது மேலே நிற்பது தான். பல்லைக் கடித்துக்கொண்டார். கீழே அவன் பீரோவின் அடியை முழங்காலால் தள்ளிச் சுவர் மூலைக்கும் படிக்கும் நடுவில் செருகுகிற சத்தம் கேட்டது. கிரீச்சென்று ஒரு தரம், பிறகு ஒரு தட்டு.

"மாட்டிக்கிச்சு மாமா. இனிமே அசையாது. மூச்சு விடுங்க."

வண்டிக்காரர் மூச்சு விட்டார். கையை மட்டும் எடுக்கவில்லை.

"இன்னுமா பிடிச்சிட்டிருக்கீங்க? அது தானா நிக்குது மாமா. விடுங்க."

"நிக்கும்னு எப்படித் தெரியும்?"

"நான் சொல்றேன்ல."

அவர் விடவில்லை. விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. வெளியே தூறல் தொடங்கி, தார்ப்பாயில் பொரிகிற மாதிரி சத்தம் வந்தது. வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"டேய்."

"என்ன மாமா?"

"இருக்கியா?"

"எங்க போவேன்? முன்னால பீரோ, பின்னால செவுரு."

"அன்னிக்கு, அந்த டாக்டர் வீட்ல..."

"ம்."

"நீயா கைய விடல."

அவர் பீரோவின் இரும்பில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"நான்தான் 'விடு'ன்னு கத்தினேன். பால்கனியிலேர்ந்து கட்டிலைக் கயித்துல இறக்கிட்டிருந்தவனுக்குச் சொன்னது. உன் காதுல விழுந்துச்சு, நீ விட்டுட்டே. நான் 'விடு'ன்னு சொன்னதை மட்டும் யார்கிட்டயும் சொல்லல."

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"கேட்டுத்தானே விட்டேன்? நான் என்ன செவிடா?"

"அப்புறம் ஏண்டா பன்னெண்டு வருஷமா வாயத் தொறக்கல?"

"தொறந்தேனே. ஆஸ்பத்திரியில வச்சுச் சொன்னேன். 'எதுத்தா பேசற'ன்னு கட்டுப் போட்ட காலோட கட்டில்லேர்ந்து குதிச்சு வந்தீங்க. ரெண்டு விரல் போச்சு, மிச்சம் மூணையாவது காப்பாத்துவோம்னு வாய மூடிக்கிட்டேன்."

வண்டிக்காரருக்கு முதலில் இருமல் மாதிரி ஏதோ வந்தது. அது இருமல் இல்லை, சிரிப்பு. அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை. பீரோ குலுங்கியது. அந்தப் பக்கம் அவனும் சிரிப்பது இரும்பு வழியாகக் கையில் அதிர்ந்தது.

கீழேயிருந்து மனைவியின் குரல்: "என்ன சிரிப்பு அங்க? பீரோவ வச்சிட்டுச் சிரிங்க!"

"வச்சாச்சுக்கா! மாமாதான் நம்ப மாட்டேங்கறார்!"

சிரிப்பு நின்றபோது அவர் கன்னம் நனைந்திருந்தது. "மன்னிச்சிடுடா" என்றார். அந்த ஒரு வார்த்தையை இறக்குவதற்குள் பீரோவையே இறக்கியிருக்கலாம். "உன் பிழைப்பைக் கெடுத்துட்டேன். ஊர் பூரா கைய விடற பயன்னு சொன்னேன்."

"அதெல்லாம் என்னைக்கோ மன்னிச்சாச்சு மாமா." கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: "மன்னிக்காம இருந்தா, ஸ்டூல் மேல நின்னவனுக்கு வந்திருக்குமா?"

 மூன்று வாரமாக வண்டிக்காரர் மூலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது எல்லாம் அடுத்தவர் சாமான். மனஸ்தாபம் இருந்தால் சரிபண்ணு என்று முதல் நாளே சொன்னார்கள். அது தன்னுடைய சாமான் என்று பெயர் எழுதித்தான் கிடந்தது.

"நான் சொல்லட்டுமா மாமா?" என்றான் அவன்.

"என்னத்த?"

"எப்ப விடறதுன்னு."

"சொல்லு."

"மெதுவா. வலது கைய மொதல்ல. ம். இப்ப இடது. விடுங்க."

அவர் விட்டார். பீரோ நின்றது. ஒரு விரற்கடை அசையவில்லை. இரண்டு கையும் வெறுமையாக அவருக்கு முன்னால் இருந்தன, கயிற்றுத் தழும்போடு. கீழே போடத் தோன்றவில்லை. அவை தாமாக மேலே போயின. ஒன்பது வருஷமாகச் சபையில் எல்லாரும் தூக்கும்போது மடியிலேயே வைத்திருந்த கைகள். வலது தோள் வலித்தது. வலிக்க வலிக்கவே கை உயர்ந்தது.

"ஆண்டவரே" என்றார். அடுத்த வார்த்தை என்னவென்று யோசிக்கவில்லை, அது வந்தது. அந்த மழைக்கால அம்மாளுக்காக வந்தது, கதவை மூடாமல் விட்டுவந்த அந்தக் கூடத்துக்காக வந்தது. டைம்பீஸின் கைக்காக, தகரப் பெட்டியோடு வாசலில் நிற்கிறவளுக்காக. பிறகு வார்த்தைகள் அவருக்குத் தெரிந்ததைத் தாண்டிப் போயின. எந்த ஊர் வார்த்தைகளோ, அவர் படித்ததில்லை, கேட்டதில்லை. வழக்கம்போல் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தார். கனமாக இருந்தது, ஆனால் தூக்குவது அவர் இல்லை. நெஞ்சுக்குள் அடுப்புத் திறந்த மாதிரி ஒரு சூடு. நின்ற படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பீரோவுக்கு அந்தப் பக்கம் டைம்பீஸும் ஆண்டவருக்கு நன்றி சொல்லத் தொடங்கினான். மனைவி மூன்று படி ஏறி வந்து பார்த்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கீழ்ப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே பாடினாள். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. வண்டியில் முப்பது கடிகாரம் இருந்தும் ஒன்றையும் நம்ப முடியாது.

பதினொன்றரைக்குப் பாஸ்டர் வந்தார். கடைசிக் கூட்டத்துக்கு முக்கியமான ஆள் வராததால், முடிந்த கையோடு குடை பிடித்துக்கொண்டு ஓடிவந்திருந்தார். வாசலில் வண்டி, தார்ப்பாய்க்கு அடியில் மெத்தை, படிக்கட்டை அடைத்துக்கொண்டு பீரோ. கீழே மனைவி எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வண்டிக்காரர் பீரோவுக்கு மேலே மாட்டிக்கொண்டிருந்தார். டைம்பீஸ் இடுக்கு வழியாக அவருக்கு ஒரு முட்டையை நீட்டிக்கொண்டிருந்தான்.

"ஐயா, என்ன இது? யாரு காலி பண்றது?"

"நீங்கதானே சொன்னீங்க பாஸ்டர்" என்றது பீரோவுக்கு மேலேயிருந்து குரல். "மேல ஒருத்தன் இடத்தை அடைச்சிட்டு உக்காந்திருக்கான், காலி பண்ணுன்னு."

பாஸ்டருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் குடை கையிலிருந்து நழுவியது. "ஐயையோ! இவரையா? நான் சொன்னது உங்களை ஐயா! உங்களுக்குள்ள இருக்கிற உங்களை!"

 மேலே முட்டை மெல்லுகிற சத்தம் கேட்டது.

"ஓ, அதுவா" என்றார் வண்டிக்காரர். "அதுவும் ஆச்சு."

பாஸ்டர் வண்டிக்காரரின் மனைவியைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவர் முகம் மலர்ந்தது. ஸ்தோத்திரம் சொல்லக் கையைத் தூக்கினார்.

"கைய அப்புறம் தூக்கலாம் பாஸ்டர். இப்ப பீரோவத் தூக்குங்க. அது மறுபடி மேல போகணும். கோட்டைக் கழட்டிட்டு அவன் பக்கத்துல நில்லுங்க."

பாஸ்டர் கோட்டைக் கழற்றித் தகரப் பெட்டிமேல் வைத்தார். மனைவி அந்தப் பெட்டியைக் கோட்டோடு உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். பாஸ்டர் சட்டைக் கையை மடித்து, குனிந்து, பீரோவின் அடியைப் பிடித்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஐயா, ரொம்பக் கனமா இருக்கே! நீங்க ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லுங்க!"

"நான் சொல்ல மாட்டேன்" என்றார் வண்டிக்காரர். "மூச்ச வீணாக்காம அவன் சொல்றதக் கேளுங்க. எப்ப பிடிக்கணும் எப்ப விடணும்னு அவனுக்குத் தெரியும்."